மகிழடியிலிருந்து பூண்டி வரை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்கு மூன்று தை பிறந்தது. வழியை நான்தான் திறக்கவில்லை.

"இந்தத் தையில் வீட்டில் பேசிவிடுகிறேன்" என்று அவளிடம் நான் சத்தியம் செய்தது அண்ணா நகரில் ஒரு பேக்கரி வாசலில். கையில் பாதி கடித்த வெஜ் பப்ஸ். முதல் தையில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தையில் அம்மாவுக்கு பிரஷர். மூன்றாவதில் சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இல்லை, அதனால் பழைய பிரஷரையே திரும்பச் சொன்னேன். நான்காவது தை வருவதற்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில், அவளே சொல்லிவிட்டாள்: "இந்தத் தை வேண்டாம், விட்டுடு."

பிறகு ஒன்றரை வருடம் எனக்கு ஒரே வேலை, என்னைத் திட்டிக்கொள்வது. குளிக்கும்போது, பஸ்ஸில், ஆபீஸில் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. அவளுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ். ஒருநாள் போன் செய்து சொன்னாள். "நான் எப்பவோ மன்னிச்சாச்சு. நீ உன்னையே திட்டிக்கிறதை உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பு இல்ல." அதற்குப் பிறகு அவளுக்கு எழுதவில்லை. திட்டுவது மட்டும் நிற்கவில்லை.

எல்லாவற்றையும்விட வலித்தது அம்மா சொன்னதுதான். தாங்க முடியாமல் ஒரு ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லியிருந்தா நான் ஒரு ரெண்டு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானேடா?" என்றார்.

அம்மாதான் பெரியப்பாவுக்கு போன் செய்திருக்க வேண்டும். அவர் காலடிப்பேட்டையில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு திருமுறை வகுப்புக்குப் போய், இப்போது தினமும் காலையில் திருவொற்றியூர் கோயிலில் ஒரு பதிகமாவது பாடாமல் காபி குடிப்பதில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்கு வா என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, முதல் மெட்ரோ ரயிலில் தேரடியில் போய் இறங்கினேன். கோபுர வாசலில் வேட்டியும் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். நலம் விசாரிக்கவில்லை. "வா, முதல்ல மரத்தைப் பார்த்துட்டுப் போவோம்" என்றார்.

அந்த மரம் மகிழ மரம், ஒற்றியூரின் தலமரம். கீழே பூ உதிர்ந்து கிடந்தது. மகிழம்பூவை நீங்கள் கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும், நிறம் அழுக்கு வெள்ளை, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. நடுவில் ஊசி போட்டுத் துளைத்ததுபோல் ஒரு ஓட்டை, கோப்பதற்கென்றே வைத்ததுபோல. ஐந்தாறு பொறுக்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு கிழாரின் மகள் சங்கிலி, ஒற்றியூர்க் கோயிலில் தங்கிப் பூத்தொடுக்கும் கைங்கரியம் செய்கிறாள். தேவாரம் பாடிய சுந்தரர் பார்க்கிறார், மனம் போய்விடுகிறது, நேராக சிவபெருமானிடமே கேட்கிறார். சாமி சங்கிலியின் கனவில் போய்ச் சொல்கிறார். அவள், அவருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறாரே, என்னை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்து தரட்டும் என்கிறாள். சுந்தரர் உடனே சாமியிடம் ஒரு தந்திரம் சொல்கிறார். நாங்கள் சத்தியம் செய்ய சன்னிதிக்கு வரும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும். சாமி சரி என்கிறார். சரி என்றவர், சங்கிலியிடமும் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்கிறார்!

"ரெண்டு பக்கமும் பேசினது யாருன்னு பார்த்துக்கோ" என்று பெரியப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியம் செய்யும்போதே அதிலிருந்து நழுவ ஒரு சந்து வைத்துக்கொண்டாரே, அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். "தையில் பேசுகிறேன்" என்று சொன்ன நான் எந்தத் தேதி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு நடந்ததும் தெரியும். வசந்த காலம் வருகிறது, ஆரூர்த் திருவிழா நினைவுக்கு வருகிறது, பரவையார் நினைவு வருகிறது. கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

உள்ளே போனோம். ஆதிபுரீசுவரர் எப்போதும் கவசத்துக்குள்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் திறந்து புழுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மற்ற நாளில் போகிறவர்களுக்கு மூடின கவசம்தான் தரிசனம். அதுவும் அன்றைக்கு எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, கண் போன சுந்தரர் ஒற்றியூர்ப் பெருமானை நோக்கிப் பாடிய பதிகத்தை எடுத்தார்.

"அழுக்கு மெய்கொடுன் திருவடி அடைந்தேன்..."

குரல் அப்படியொன்றும் இனிமை கிடையாது, கொஞ்சம் பிசிறு தட்டும். ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். முடித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். 'பிழுக்கை வாரியும் பால்கொள்வர்' என்று ஒரு வரி. சாணியை அள்ளிப் போட்டுவிட்டுப் பாலைக் கறந்துகொள்வதில்லையா, அதுபோல என் அழுக்கைப் பார்க்காமல் என்னை எடுத்துக்கொள் என்கிறார். இன்னொரு பாட்டில், வீட்டில் இருக்கிற பெண்களிடம் ஏதாவது சொன்னால் 'அழையேல் போ குருடா' என்கிறார்களே, அதைத் தாங்க முடியவில்லை என்று அழுகிறார். தேவாரத்தில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கண் போன வலியோடு, வீட்டில் திட்டு வாங்கின வலியையும் சேர்த்தே சாமியிடம் புலம்பியிருக்கிறார் மனுஷன்.

"கவனிச்சியா?" என்றார் பெரியப்பா. "தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிறார். ஒளிக்கல. ஆனா அது ஒரு வரி. அடுத்த வரியிலயே கண்ணுக்கு மருந்து சொல்லுன்னு கேட்க ஆரம்பிச்சுடறார். நீ ஒன்றரை வருஷமா அந்த முதல் வரியையே பாடிட்டிருக்கே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அந்த அம்மா என்ன ஆனாங்க, பெரியப்பா?"

"யாரு?"

"சங்கிலியார்."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில கயிலைக்குத் திரும்பினதா வரும். நடுவுல எப்படி இருந்தாங்கன்னு சேக்கிழார் பெருசா சொல்லல. நான் இத்தனை வருஷம் பாடறேன், நானும் கேட்டதில்லை."

அந்தக் கோயிலில் 27 நட்சத்திரத்துக்கும் லிங்கங்கள் உண்டு. எல்லோரும் தங்கள் நட்சத்திரத்தைத் தேடிப் போய் விளக்கேற்றுவார்கள். என் நட்சத்திரத்தைக் காட்ட பெரியப்பா கூப்பிட்டார். அனுஷம் எங்கே என்று கேட்டேன். நான் பூசம் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பார்வை பார்த்தார், கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போனார். நல்லெண்ணெய் விளக்கு ஒன்று வாங்கி ஏற்றினேன். திரி நனைந்திருந்ததா என்னவோ, மூன்று தடவை அணைந்து நான்காவது தடவைதான் நின்று எரிந்தது. கும்பிடும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஒன்றரை வருடத்தில் எத்தனையோ கோயிலுக்குப் போய் என்னை மன்னித்துவிடு என்று கேட்டிருக்கிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போய்க் காபி குடித்தோம். மத்தியானம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார் பெரியம்மா. நான் பூண்டியில் இருக்கிற வெண்பாக்கம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

கண் போன பிறகு சுந்தரர் நடந்த வழி அது. ஒற்றியூர், முல்லைவாயில், வெண்பாக்கம், காஞ்சிபுரம், அப்படியே ஆரூர் வரை. அவர் தட்டுத் தடுமாறி நடந்ததை நான் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் கடந்தேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வந்தபோது இறங்கலாமா என்று யோசித்தேன். நடை சாத்திவிடுவார்களே என்ற பயத்தில் இறங்கவில்லை. அங்கே அவர் பாடிய பதிகத்தில், சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று சாமியைக் கூப்பிடுகிறார். ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

திருவள்ளூரிலிருந்து பஸ். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பூண்டி என்றால் நமக்கெல்லாம் ஏரிதான் ஞாபகம் வரும். கொசத்தலை ஆற்றில் அணை கட்டி 1944ல் திறந்த நீர்த்தேக்கம். சென்னைக்குக் குடிதண்ணீர் கொண்டுவர இதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி, திறப்பதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். அவர் பெயர்தான் அணைக்கு. சுந்தரர் வந்த பழைய வெண்பாக்கம் அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலை மட்டும் எடுத்துவந்து இந்தப் பக்கம் கட்டினார்கள். நான் பிறந்ததிலிருந்து குடித்துவரும் தண்ணீர் அந்த ஊரின் மேல்தான் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்னக் கோயில். நான் நுழையும்போது என்னைத் தவிர ஒரே ஒரு குடும்பம். சாமி பெயர் ஊன்றீசுவரர். அம்மனுக்கு மின்னொளியம்மன் என்று பெயர்; கண் தெரியாமல் வந்தவருக்கு மின்னல்போல வெளிச்சம் காட்டி வழி சொன்னாளாம்.

சுந்தரர் இங்கே வந்து பாடுகிறார்: 'பிழையுளன பொறுத்திடுவர்' என்று நம்பித்தானே தப்பு செய்தேன். பொறுக்காமல் என் கண்ணை மறைத்துவிட்டாயே, பழி வருமே என்றுகூடப் பார்க்கவில்லையே. கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளே இருந்து பதில் வருகிறது: 'உளோம், போகீர்.' இருக்கிறோம், நீர் போய்க்கொண்டிரும். கண் தரவில்லை. ஒரு ஊன்றுகோல் தருகிறார்.

கோபம் வராதா? வந்ததாம். அந்தக் கோலை வீசி எறிந்தாராம். அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்ததாம். இது கோயிலில் சொல்லும் கதை. நந்தியின் வலது கொம்பு உடைந்துதான் இருக்கிறது. குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். உடைந்த இடம் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து, வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்களோ. பக்கத்திலேயே கோலை ஊன்றி நிற்கிற சுந்தரர். எறிந்த கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லாவிட்டால் காஞ்சிபுரம் எப்படிப் போயிருப்பார்.

குருக்கள் அர்ச்சனை யார் பெயருக்கு என்று கேட்டார். என் பெயர், பூசம் என்று சொன்னேன். "கண்ணுல ஏதாவது ஆபரேஷனா?" என்றார். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் வருவார்கள் போல. இல்லை சாமி, சும்மாதான் வந்தேன் என்றேன். சும்மா வந்தவனுக்கும் நிதானமாகத் தீபம் காட்டினார். விபூதியைக் கையில் போட்டுவிட்டு, "மெதுவா உட்கார்ந்துட்டுப் போங்க, நடை சாத்த இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார்.

காஞ்சிபுரத்தில் ஏகம்பத்தில்தான் சுந்தரருக்கு இடது கண் கிடைக்கிறது. 'காணக் கண் அடியேன் பெற்றவாறே' என்று பாட்டுக்குப் பாட்டு வியந்துபோகிறார். அப்போதும் ஒரு கண்தான். இன்னொன்று ஆரூருக்குப் போய், "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று" வாடுகிற அடியார்கள் வந்து சொன்னாலும் பேசாமல் இருக்கிறவர் நீர், 'வாழ்ந்து போதீரே', நல்லா இருங்க சாமி என்று சண்டை பிடித்த பிறகுதான் வருகிறது. என் திட்டத்தில் அன்றைக்குச் சாயங்காலம் காஞ்சிபுரமும் இருந்தது. மூன்று ஊரையும் ஒரே நாளில் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை புது ஆளாக ஆபீஸ் போக வேண்டும் என்று கூகுள் மேப்பில் எல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

திருவள்ளூர் பஸ் நிலையத்துக்குத் திரும்பியபோது காஞ்சிபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் வலியும் ஒரு காரணம்.

பெரியப்பா போன் செய்தார். "எங்கடா இருக்கே?"

"திருவள்ளூர்ல. தரிசனம் ஆச்சு."

"கோல் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன், பெரியப்பா."

"எறிஞ்சிடாதே. சாப்பிட்டியா?"

இல்லை என்றேன். திட்டினார். சட்டைப் பையில் கை விட்டால் மகிழம்பூ பழுப்பேறிச் சருகாகியிருந்தது, வாசனை மட்டும் காலையில் இருந்தபடியே. சிமெண்டு பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்து பெரியம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். புளிசாதம், இரண்டு வடகம், ஒரு துண்டு நார்த்தங்காய். வழக்கம்போல இரண்டு ஆள் சாதம் வைத்திருந்தார்.