மூன்றாவது சிலிண்டர்

ஜனவரி 10

1930 ஃபோர்டு மாடல் ஏ. மேட்டில் ஏறும்போது திணறுகிறது, நின்ற இடத்தில் ஓடும்போது (ஐட்லிங்) நொண்டுகிறது. கார்பரேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று, டிஸ்ட்ரிபியூட்டரில் பொறியைத் தூண்டும் பாயின்ட்டின் இடைவெளியும் பார்த்தாயிற்று. இனி கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தத்தை, அளக்காமல் வேறு எதைத் தொட்டாலும் வீண்வேலை. அளக்கும் கேஜை ஸ்பார்க் பிளக் துளையில்தான் மாட்ட வேண்டும், ஆனால் இதன் துளை 7/8 அங்குலம். இன்றைய கேஜோடு வரும் முனை அதில் நிற்காது. அடாப்டர் வரட்டும்.

ஜனவரி 17

அடாப்டர் வந்துவிட்டது. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, பிளக் ஓரத்து மண்ணை ஊதிவிட்டு, நான்கையும் கழற்றினேன். ஸ்டியரிங் அடியிலிருக்கும் திராட்டில் குச்சியை முழுக்கக் கீழே இறக்கினேன். உள்ளே காற்று தாராளமாகப் போகாவிட்டால் கேஜ் பொய்தான் சொல்லும். 6 வோல்ட் பாட்டரி முந்தின இரவே முழு சார்ஜ். சாவியை அணைத்தாலும் இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும், காலால் மிதித்தால் போதும்.

ஒவ்வொரு துளையிலும் கேஜை மாட்டிச் சுற்றியதில், ஒன்று முதல் நான்கு வரை வரிசையாக 58, 57, 36, 60 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு).

இன்றைய கார்களையே பார்த்துப் பழகிய மெக்கானிக் 60 என்று கேட்டால் இன்ஜின் போச்சு என்பார். இந்த இன்ஜின் காற்றை நெருக்குவதே குறைவு; 4.22-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதத்துக்கு அது நல்ல அளவு. சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிகபட்சத்தில் முக்கால் பங்காவது எல்லாவற்றிலும் இருக்கணும், அதாவது இங்கே 45. மூன்றாவது தேறவில்லை.

ஊசி ஏறிய விதமும் கவனிக்க வேண்டியது. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் தேய்ந்திருந்தால் முதல் அழுத்தம் குறைவாக வந்து, சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது 30-ஐத் தொட்டதும் அதற்குமேல் அவ்வளவாக அசையவில்லை. வால்வு மேல்தான் சந்தேகம்.

ஜனவரி 18

மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு அளந்தேன்: 39. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். ஆக, ரிங் இல்லை. (ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் உள்ளே இடம் குறைந்து அளவு தானாகவே ஏறிவிடும்.) அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டைச் சொல்லலாம், அதுவும் இல்லை.

அப்புறம் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எங்கே கசிகிறது என்று பார்க்க பிளக் துளை வழியே காற்று செலுத்தினேன். ரேடியேட்டரில் குமிழி இல்லை, கேஸ்கெட் சரி. கார்பரேட்டரிலும் சத்தமில்லை, உள்ளிழுக்கும் வால்வும் சரி. சைலன்சர் குழாயில் காதை வைத்தால் புஸ்ஸென்று இரைச்சல். புகை வெளியேறும் வழியை மூடும் எக்ஸாஸ்ட் வால்வுதான்.

ஜனவரி 25

இன்ஜினோடு கார்பரேட்டரையும் சைலன்சர் குழாயையும் இணைக்கும் மேனிஃபோல்டைக் கழற்றி, பக்கவாட்டு வால்வு மூடியைத் திறந்தேன். கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் மற்ற வால்வுகள் டக்கென்று உட்காருகின்றன. இது மட்டும் சோம்பலாக இறங்கி, கடைசியில் முழுக்க மூடாமல் மயிரிழை தொங்குகிறது. தண்டில் பழுப்பாகப் பிசின். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டிகளில் இது சகஜம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன்.

ஹெட்டைக் கழற்றிவிடு என்கிறார் நண்பர். ஹெட்டைப் பிடித்திருக்கும் இத்தனை வயதான ஸ்டட் (திருகுத்தண்டு) முறிந்தால் அவரா வந்து எடுப்பார்?

பிப்ரவரி 1

வால்வு இப்போது தடையில்லாமல் இறங்குகிறது. எல்லாவற்றையும் மாட்டி, அரைமணி ஓட்டிவிட்டு அளந்தேன்: 58, 58, 54, 60. நொண்டல் போய்விட்டது. மேட்டில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கணும். 54 இறங்கினால் ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ஹெட்டைத் தொடுவதாக இல்லை.