ஆதிச்சநல்லூர் தாழியும் காருக்குறிச்சி உண்டியலும்

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஆதிச்சநல்லூரில் இறங்கினால் ரோட்டோரமே பரம்பு, அதாவது அந்தக் காலத்து இடுகாட்டு மேடு. 2023-ல் திறந்த கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்த்தால், முதுமக்கள் தாழிகள் தோண்டிய குழியிலேயே கிடக்கின்றன. நான் முக்கியமாக நினைத்துக்கொண்டு போனது 2004-ல் மறுபடி அகழ்ந்தபோது கிடைத்த ஒரு பானை ஓட்டுத் துண்டை. அதன் படம் என் போனில் எப்போதும் இருக்கும். ஒரு பெண், நெற்கதிர், அதன்மேல் மீனைக் கவ்விய கொக்கு, பக்கத்தில் முதலை, மான். எல்லாமே ஈர மண்ணில் மண்ணை உருட்டி ஒட்டிச் செய்தவை, சூளையில் பானையோடு சேர்ந்து வெந்தவை, அதனால்தான் இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் கொக்கின் வாயில் மீன் அப்படியே இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் பட்டவை இவைதானே.

சரி, மத்தியானம் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து செங்கோட்டை வண்டி பிடித்து காருக்குறிச்சி. நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர், பானைக்கும்தான். ஒரு வீட்டு முற்றத்தில் வரிசையாக உண்டியல்கள், பூந்தொட்டிகள். ஒன்றில் சூரியகாந்தி, ஒன்றில் ரோஜாக் கொத்து, அதற்கு நடுவில் டிவியில் வரும் நீலப் பூனை, அப்புறம் ஒரு நடிகரின் முகம், அவர் தலையைச் சுற்றி மல்லிகைச் சரம். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிலடெல்பியாவில் ராபர்டோ லூகோ என்ற கலைஞர் பீங்கான் ஜாடியில் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே ஹிப்ஹாப் பாடகர்களின் முகத்தைத் தீட்டுகிறார், அமெரிக்க மியூசியங்கள் வாங்கி வைக்கின்றன. இங்கிலாந்துக் கலைஞர் கிரேசன் பெரி, தூரத்தில் பார்த்தால் அழகான பூ ஜாடி போலிருக்கும் பானைகளில் இந்தக் காலத்துப் படங்களையும் எழுத்தையும் ஏற்றி 2003-ல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசே வாங்கினார். அதே ஆசைதான் இந்த முற்றத்திலும், ஆனால் இங்கே இதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்.

"இது நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சுட்ட பொறவு அடிக்கிற பெயிண்டுல்லா தம்பி. தண்ணி பட்டுக்கிட்டே இருந்தா உரிஞ்சிரும்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கடைப் பெயிண்ட்டைப் பூசிச் சூளையில் வைத்தால் கருகிப் போகும். பீங்கான்காரர்கள் உலோகத் தாதுக்களிலிருந்து வரும் நிறங்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். கோபால்ட் நீலம் 1300 டிகிரியையும் தாங்கும், சீனத்து நீலப் பூ ஜாடிகள் எல்லாம் அந்தப் புண்ணியத்தில் நிற்பவை. டீ கப்பில் நாம் பார்க்கிற ரோஜா பெரும்பாலும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி, கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சின் மேல் இன்னொரு தடவை சுமார் 800 டிகிரியில் சுட்டது. அந்த மெருகும் இரண்டாம் சூடும் குளத்து மண் பானைக்குக் கிடையாது. ஆனால் ஆதிச்சநல்லூர்க் கொக்கு மாதிரி ஒட்டு வேலைக்கு எந்தச் சாயமும் வேண்டாம், கையில் இருக்கிற மண்ணே போதும்.

போனை எடுத்து அந்த ஓட்டுத் துண்டின் படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "கொக்கு காலு எவ்வளவு மெலிசு பாத்தீயளா, காயும்போது வெடிக்காம எப்படி ஒட்டுனான்?" என்றார். பக்கத்தில் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒட்டுகிற மண்ணும் பானையும் ஒரே பதத்தில் ஈரமாக இருக்கணும், குழைத்த மண்ணைப் பசையாகத் தடவணும் என்று சொல்லிக்கொண்டே ஒரு ஈர உண்டியலில் அஞ்சு இதழ் ஒட்டிக் காட்டினார்.

அந்த நீலப் பூனையையும் இப்படியே ஒட்டித் தர முடியுமா என்றேன். மீசைதான் கஷ்டம், கீறி விடலாம் என்றார் அக்கா. முன்பணம் கொடுத்திருக்கிறேன். பொங்கப்பானை வேலை தொடங்குமுன் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.