கர்ணம் காலை வாரிய மூலை அலமாரி

சிங்கப்பூரின் யீஷூனில் நாங்கள் இருக்கும் நான்கறை வீட்டில் பூசைக்கென்று தனி இடம் கிடையாது. வரவேற்பறையில் ஒரு மூலை சும்மா கிடந்தது. அங்கே சாமி படங்களுக்கு மூன்று தட்டு அடித்துவிடலாம் என்று, தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது கிளம்பினேன். தச்சு வேலையில் இதற்கு முன் என் பெரிய சாதனை ஒரு காலணிப் பெட்டி. அதுவும் ஆடும்.

அளவில் சிக்கலே இல்லை என்றுதான் நினைத்தேன். மூலையிலிருந்து இரண்டு சுவரிலும் 40 செ.மீ. போக, 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்கே அறுத்தால் இரண்டு முக்கோணத் தட்டு. பிளைவுட்டின் அடுக்கு தெரியாமல் முன்விளிம்பில் ஒட்ட ஒரு தேக்குச் சட்டம். அந்தச் சட்டத்தின் நீளம்தான் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே வரும் பக்கம்.

ஹார்டுவேர் கடைக்குப் போகும் பேருந்தில் கணக்குப் போட்டேன். கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்குத் தமிழ்ப் பெருமை தலைக்கேறியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய பாட்டு ஒன்று உண்டே, வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காணும் வழி: நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மற்ற பக்கத்தில் பாதியைச் சேர். நாற்பதை எட்டாக்கினால் ஐந்து ஐந்து. ஒன்றைத் தள்ளினால் 35. நாற்பதில் பாதி 20. மொத்தம் 55. இவ்வளவு சுத்தமான எண் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கடை அங்கிளிடம் 55-இல் மூன்று சட்டம் வெட்டச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் நடுவில் சரியாக உட்காருகிறது, இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நகத்தகலத்துக்குப் பிளைவுட் எட்டிப் பார்க்கிறது. “என்னங்க இது, ரெண்டு பக்கமும் எலி கடிச்ச மாதிரி இருக்கு?” என்றார் வீட்டுக்காரம்மா. நான் கடைக்காரரின் ரம்பத்தைச் சந்தேகித்தேன். அளந்தால் மூன்றும் மிகச் சரியாக 55.

மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், ஏ-மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதம் எடுத்திருக்கிறாள். அவள் எதுவும் சொல்லவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு ஏ4 தாளை உருவி, ஒரு மூலையை மடித்து எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்தாள். மடிப்புக் கோடு சாய்வாக விழுந்தது. இன்னொரு தாளை எடுத்து அதன் நீளமான விளிம்பை அந்த மடிப்பின் மேல் வைத்தாள். முனைக்கு முனை ஒட்டிக்கொண்டது. “அப்பா, இதோட அகலம் 210, நீளம் 297. ஏ4 தாளே ரூட் 2 கணக்குலதான் வெட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா கர்ணம் எப்பவும் ஒரு பக்கத்தைப் போல 1.414 மடங்கு. உங்க நாற்பதுக்கு 56.6.”

ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைத்து வெட்டியிருக்கிறேன். அன்று இரவு அந்தப் பாட்டை உட்கார்ந்து சோதித்தேன். 3, 4 என்றால் 5, துல்லியம். 5, 12 என்றால் 13, அதுவும் துல்லியம். பக்கங்கள் 1, 1.732 என்றால் கர்ணம் 2 வர வேண்டும், 2.016 வருகிறது, பரவாயில்லை. இரண்டும் சமமானால் மட்டும் 1.414-க்குப் பதில் 1.375, நூற்றுக்கு மூன்று அளவுக்குக் குறைவு. ஒரு பக்கம் மிகச் சிறியதானால் இதைவிட மோசம், அது வேறு கதை. பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கயிறும் கோலும் மட்டும் இருப்பவனுக்கு அது நல்ல துணை. இரண்டு பக்கமும் சமமான 45 பாகை முக்கோணத்துக்கு அதை நம்பியது என் தப்பு.

தேக்கை மறுபடி வாங்க மனசு வரவில்லை. சட்டத்துக்கு ஏற்பத் தட்டைச் சுருக்குவோம் என்று முடிவு. இப்போது கணக்கு தலைகீழ்: கர்ணம் 55, பக்கம் எவ்வளவு? 55-ஐ 1.414-ஆல் வகுத்தால் 38.9. ஆனால் அறுப்பதற்கு எனக்கு வேண்டியது அந்த எண்ணும் இல்லை. மூலையிலிருந்து முன்விளிம்புக்கு நேராக ஒரு கோடு போட்டால் அது தட்டை இரண்டு சின்ன 45 பாகை முக்கோணங்களாகப் பிரிக்கும், அதனால் அந்தக் கோடு கர்ணத்தில் சரிபாதி. முதலில் 28.3, இனி 27.5. ஆக, முன்பக்கத்திலிருந்து 8 மி.மீ. பட்டை ஒன்றை அறுத்தால் தீர்ந்தது. பிளைவுட் பிசிறாமல் இருக்க, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கைரம்பத்தால் அறுத்தேன். ஒரு தட்டுக்கு இருபது நிமிடம். வாசலைக் கடந்து போன பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) ஒரு முறை நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அது பாராட்டா இரக்கமா தெரியவில்லை.

பாதி என்ற இந்த விஷயம் அப்புறமும் கை கொடுத்தது. மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறோமோ அதைப் போல இரண்டு மடங்கு அகலம் கிடைக்கும். எங்கள் முருகன் படம் 30 செ.மீ. அகலம், எனவே அதன் முதுகு மூலையிலிருந்து 15 தள்ளித்தான் நிற்கும். படச்சட்டத்தின் கனம் 2. மிச்சம் முன்னால் பத்தரை சென்டிமீட்டர். காமாட்சி விளக்கின் அடிப்பாகம் 8. பொருத்துவதற்கு முன்பே விளக்குக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மேல்தட்டில் மட்டும்தான் விளக்கு, கீழே வைத்தால் மேலுள்ள பலகை கருகும்.

பொருத்தும்போது இன்னொரு வேடிக்கை. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் மறுபக்கம் வாய் பிளக்கிறது. சுவரில் ஒரு பக்கம் 60, மறுபக்கம் 80 குறித்துக் குறுக்கே அளந்தேன். 100 வரவேண்டிய இடத்தில் 100.8. மூலையே ஏறக்குறைய 91 பாகை! செங்கோணம் இல்லாத மூலையில் ரூட் 2 என்ன செய்யும், பாவம். முனையில் 7 மி.மீ. வரை இடைவெளி. மெல்லிய ஆப்பாக ஒரு மரச்சீவல் செருகி வெள்ளை அடித்துவிட்டேன். இனி எந்த வேலையிலும் முதலில் மூலையை அளந்துவிட்டுத்தான் பலகையைத் தொடுவேன்.

அலமாரியைப் பார்த்த மகள், தனக்குத் தேன்கூடு மாதிரி அறுகோண அலமாரி வேண்டும் என்றாள். அவள் அறையில் ஜன்னலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே 62 செ.மீ. இருக்கிறது, முப்பது முப்பதாக இரண்டு. இந்த முறை அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த இரண்டாவது மூலைமட்டம், அந்த 30-60 வகை. சமபக்க முக்கோணத்தை நடுவில் பிளந்த பாதி அது, பக்கங்கள் 1, ரூட் 3 (அதாவது 1.732), 2. அறுகோணத்தின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையிலான தூரம், ஒரு பக்கத்தைப் போல ரூட் 3 மடங்கு. பக்கம் வேண்டுமென்றால் வகுக்க வேண்டும். நான் முதலில் பெருக்கினேன், 52 வந்தது. முப்பது அகலப் பெட்டிக்கு 52-இல் பக்கமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. வகுத்தால் 17.3.

ஆறு துண்டையும் முனையில் 30 பாகை சாய்த்து அறுத்து, ஒட்டாமல் டேப் சுற்றி நிறுத்திப் பார்த்தேன். அளந்தால் 32.4. இரண்டு வைத்தால் 65-ஐத் தொடும், 62-இல் எங்கே போகும்? கோணம் எல்லாம் சரி. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது: 17.3-ஐப் பலகையின் உள்பக்கத்தில் குறித்திருக்கிறேன். சாய்வாக அறுத்த முனையை அருகில் வைத்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு குட்டி 30-60 முக்கோணம் ஒளிந்திருக்கிறது. பலகையின் கனம் 12 மி.மீ. அதன் நீளமான பக்கம், அப்படியானால் சின்னப் பக்கம் 12-ஐ ரூட் 3-ஆல் வகுத்து 6.9. ஒவ்வொரு முனையிலும் வெளிப்பக்கம் அவ்வளவு நீண்டுவிடுகிறது. ஆறு துண்டிலும் இரண்டு முனையிலும் 6.9 குறைத்துத் திரும்ப அறுத்தேன். இப்போது 30, ஒரு மயிரிழை கூட.

இரண்டு பெட்டியும் போன ஞாயிறு கோந்து காய்ந்து தயார். இப்போது அவற்றின் மேல் மூன்றாவது ஒன்று உட்கார வேண்டுமாம். பக்கத்துப் பெட்டிகளின் நடுவுக்கு நடு 30, அதுவே கர்ணம். ஆகவே மூன்றாவதன் நடு, முதல் பெட்டியின் நடுவிலிருந்து 15 வலப்பக்கம், 26 மேலே. சுவரில் பென்சிலால் குறித்தாயிற்று. கான்கிரீட் சுவர் என்பதால் மச்சானிடம் ஹேமர் டிரில் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை கொண்டு வருகிறாராம்.