காற்றாடிமலைக்கு அம்மாவின் நேர்ச்சை

நேர்ந்துகொண்டவள் அம்மா, நடந்தவள் நான். மகன் மூளைக்காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தபோது, "என் பேரனை எழுப்பிக் கொடும், கோட்டாறு கல்லறையிலிருந்து காற்றாடிமலை வரை செருப்பில்லாமல் நடந்து வருகிறேன்" என்று, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறில் அடக்கமாகியிருக்கும் புனித தேவசகாயத்திடம் வேண்டியிருந்தாள். அவன் எழுந்தான். இப்போது முற்றத்தில் பந்தடித்து ஓடுகள் உடைகின்றன. அம்மாவின் முழங்கால்கள்தான் இடம் கொடுக்கவில்லை. வாசற்படி இறங்குவதற்கே சுவரைப் பிடிக்கிறாள். நேர்ச்சை நிலுவையில் கிடக்கிறதே என்ற கவலையில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. இரவு ஜெபமாலை முடிந்ததும் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை எத்தனை நாள் தாங்க முடியும்? தாய்க்காக மகள் நடக்கலாம் என்று பங்குத்தந்தை சொன்னதும், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் குறித்துவிட்டோம்.

கூட வருகிறேன் என்றாள் என் தோழி. நாங்கள் கத்தோலிக்கர், அவள் சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டண்ட் சபை. புனிதர்களிடம் வேண்டுவதும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர்களுக்கு வழக்கமில்லை. "நேர்ச்சை உன்னுடையது மக்களே, நடை இருவருக்குமாக இருக்கட்டும்" என்றாள். அதற்குமேல் நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஒரே தெருவில் மாதா குருசடியும் இருக்கும், சிஎஸ்ஐ ஆலயமும் இருக்கும். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு இரண்டு பக்கமும் போய்வரும்.

முந்தின நாள் மாலைப் பூசைக்குக் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனோம். தேவசகாயத்தின் கல்லறையில் நான் முழந்தாளிட்டு முத்தமிட்டேன். அவள் தொடவில்லை, என் பக்கத்தில் கைகட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். விடியுமுன் ஆலய வாசலில் சிலுவை அடையாளம் போட்டு நடக்கத் தொடங்கினோம். ஒழுகினசேரி, வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி. ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். வண்டியில் போகும்போது ஒரு பேச்சு முடிவதற்குள் வந்துவிடும் தூரம்.

பழையாற்றுப் பாலம் தாண்டும்வரை குளிர்ச்சியாக இருந்தது. ஜெபமாலையின் துயர மறைபொருள்களை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தில் அவள் மௌனமாக வருவாள். கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்ததும் சேர்ந்துகொள்வாள். அவளுடைய பாடம் வேறு, என்னுடைய பாடம் வேறு. வார்த்தைகள் முன்னும் பின்னுமாக மோதிக்கொண்டு, ஆமென் மட்டும் ஒன்றாக வந்து விழும்.

லாரிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. நடைபயணிகள் போகும் சாலை என்று தெரிந்தும் அந்த வேகம் எதற்கு? ஒவ்வொன்றும் கடக்கும்போது சேலை முந்தானையோடு ஆளையும் இழுக்கிறது. என் தோழி செருப்பைக் கழற்றவில்லை, அது என் நேர்ச்சை என்று விட்டுவிட்டாள். ஆனால் ஆரல்வாய்மொழி வரை லாரிப் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. நான் அந்தப் பக்கம் மாறப் போனால் தோளைப் பிடித்து உள்ளே தள்ளுவாள்.

தோவாளையில் விடிந்தது. பூச்சந்தையில் ஏலக் குரல்களும் பிச்சியின் வாசனையுமாக அந்த நேரத்தில் எவருக்கும் தூக்கம் நிற்காது. அம்மாவிடமிருந்து போன், எங்கே வருகிறீர்கள், தண்ணீர் குடித்தீர்களா, பூ வாங்கினீர்களா. கொஞ்சம் பிச்சியும் ரோஜாவும் வாங்கி வாழையிலையில் பொதிந்துகொண்டோம். அதன்பிறகு வெயில் ஏறியது. தார் சுட ஆரம்பித்தால் சாலையோரத்து வெள்ளைக் கோட்டில் கால் வைத்து நடக்க வேண்டும், அங்கே சூடு கொஞ்சம் குறைவு. செருப்பில்லாமல் நடப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குதிகாலில் கொப்புளம் எழும்பி உடைந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்ததால், பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். தேவசகாயத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

மறைக்கல்வி வகுப்பிலிருந்தே எனக்குப் பாடமான கதை. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலர். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்ட தளபதி டிலனாய், பிறகு அதே அரசரிடம் படைக்குப் பயிற்சி கொடுக்கிறார், உதயகிரிக் கோட்டை வேலையைக் கவனிக்கிறார். சிறைப்பட்டு வந்த வெளிநாட்டுக்காரருக்கும் அரண்மனை அலுவலருக்கும் நட்பு உண்டாகிறது. நீலகண்டனின் மாடுகள் சாகின்றன, பயிர் அழிகிறது, வீட்டில் அடிமேல் அடி. மனம் உடைந்து வந்தவரிடம் டிலனாய் சொன்னது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத, பைபிளில் வரும் யோபுவின் கதை.

"யோபுவா?" என்று நின்றுவிட்டாள் அவள். ஓய்வுநாள் பள்ளியில் யோபுவின் புத்தகத்தில் பரிசு வாங்கியவள். அவளிடம் யோபு முழுவதும் இருந்தது, தேவசகாயம் இல்லை. என்னிடம் தேவசகாயம் இருந்தார், யோபுவைப் பெயரளவுக்குத்தான் தெரியும். அதன்பிறகு வழியெல்லாம் அவள்தான் பேசினாள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் அவனுடைய துக்கம் மிகவும் கொடியது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். "அந்த ஏழு நாள் வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போனது. நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தர் அந்த மூவர்மேலும்தான் கோபப்பட்டார்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மருத்துவமனை நாட்கள் அப்படியே வந்து நின்றன. எத்தனை பேர் வந்தார்கள்! ஞாயிறு பூசையைத் தவறவிட்டிருப்பாய் என்றார் ஒருவர். குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது, முறிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார் என்றார்கள் பலர். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை கிடக்கும்போது அதைச் சொல்லவே கூடாது என்பதில் இன்றைக்கும் நான் உறுதியாக இருக்கிறேன். இவள் எதையும் சொல்லவில்லை. வேலை முடிந்து நேராக வருவாள். பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைப்பாள், என் போனுக்கு சார்ஜ் போடுவாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். கடைசி பஸ் நேரம் வரை அப்படியே இருப்பாள். அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் உதடு அசைவதில் தெரியும். என் பங்குக்கும் சேர்த்து அவள்தான் ஜெபித்தாள்.

ஆரல்வாய்மொழியில் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தன. ஆடிக்காற்றில் இங்கே நிற்க முடியாது. எங்கள் நாளில் காற்றாலைகளே சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நிழலும் இல்லை, காற்றும் இல்லை. கடைசிக் கொஞ்ச தூரம் எப்படி நடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவளுடைய கையைப் பிடித்திருந்தேன்.

அம்மாவும் மகனும் ஆட்டோவில் முன்பே வந்து காத்திருந்தார்கள். தவக்காலத்து வெள்ளி என்பதால் கூட்டமான கூட்டம். வழியோரத்தில் மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பவர்கள் ஒரு பக்கம். அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்த ஒருவர், ஆமென் சொன்ன மறுநொடி கையை நீட்டினார். அம்மா பையைத் திறக்கப் போனாள், தோழி மெதுவாக மூடிவிட்டாள். சாட்சிக்காக உயிரைக் கொடுத்தவரின் மண்ணுக்குப் போகும் வழியில் ஜெபத்துக்கு விலையா? சொல்லாமல் விட என் மனம் கேட்கவில்லை.

தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைச் சுற்றி ஒரே நெருக்கடி. கல்லை எடுத்துத் தட்டுகிறவர்கள், அதைப் போனில் படம் பிடிக்கிறவர்கள், மறுபடி தட்டச் சொல்கிறவர்கள். கொஞ்சம் பொறுத்து நின்றால் எல்லோருக்கும் கேட்குமே! ஒருவழியாக மகனுக்கு இடம் கிடைத்தது. தட்டினான். மணி ஓசை கணீரென்று வந்தது. ஒரு காலத்தில் குழாய்களுக்கு நடுவில் ஊசி போட இடமில்லாமல் கிடந்த கை அது. அம்மா அவனுடைய கையைப் பிடித்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு தேவசகாயம் முழந்தாளிட்டு ஜெபித்த இடத்துக்கு வந்தோம். பாறையில் முழங்காலும் முழங்கையும் பதிந்த தடங்கள். 1752 ஜனவரி 14. சுடுவதற்கு முன் ஜெபிக்க நேரம் கேட்டார், கொடுத்தார்கள். மனப்பாடம் செய்து வந்த ஜெபங்கள் எனக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. நெற்றியைக் கல்லில் வைத்ததும் நான் நினைத்தே இராத ஒருவர் மனதில் வந்தார். டிலனாய். அவர்தான் யோபுவைச் சொன்னார். அவர்தான் ஞானஸ்நானத்துக்காக வடக்கன்குளத்துச் சாமியாரிடம் அனுப்பி வைத்தார். 1745இல் நீலகண்டன் தேவசகாயமானார். டிலனாய் அரசரின் படையையே நடத்தியவர், ஆனால் நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனபோதும், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தபோதும், இந்தப் பாறையில் துப்பாக்கி முழங்கியபோதும் அவர் உயிரோடுதான் இருந்தார். 1777 வரை இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை நான் பார்த்திருக்கிறேன். அந்த 25 ஆண்டுகளும் ஒவ்வொரு ஜனவரியிலும் என்ன நினைத்திருப்பார்? நான் சொன்ன கதையால்தானே என்று கலங்கியிருப்பாரா? ஆண்டவரே, தாம் யார் கையில் எதைக் கொடுத்தோம் என்று தெரியாமலே அந்த மனிதர் கண்ணை மூடினாரே என்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை, பேரனுக்காக என்று நினைத்து அவளும் அழுதாள்.

தலை தூக்கிப் பார்த்தால் என் தோழி பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிறாள். கல்லறையில் நின்றுகொண்டே இருந்தவள். அவள் கேட்டது புனிதரிடம் அல்ல, கர்த்தரிடம்தான், அதில் அவள் மாறவில்லை. யோபு 19ஆம் அதிகாரத்தில், மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று அவன் அறிக்கையிடும் பகுதியை அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது, யாரோ என் உடைந்த கொப்புளத்தை மிதித்தார்கள். எழவே தோன்றவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும், அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது அங்கேதான் தெரிந்தது.

வியாகுல மாதா ஆலயத்தில் பிச்சியையும் ரோஜாவையும் வைத்தோம். சிலுவைப்பாதை, பூசை, எல்லாம் நல்லபடியாக நடந்தது.

ஆண்டவரே, உமக்கு நன்றி. என் பிள்ளையின் மூச்சுக்கு நன்றி, அவன் உடைக்கும் ஓடுகளுக்கும் நன்றி. என் அம்மாவின் கடனை என் காலில் ஏற்றுக்கொண்டீரே, அதற்கு நன்றி. அந்த இரவுகளில் கண்விழித்த மருத்துவர்களுக்காகவும், செவிலியர்களுக்காகவும், எங்களுக்கு முகம் தெரியாமல் ரத்தம் கொடுத்தவர்களுக்காகவும் நன்றி. மனம் உடைந்த மனிதனிடம் யோபுவைச் சொன்ன அந்தத் தளபதிக்காக நன்றி. லாரிப் பக்கத்தை விட்டுத்தராத என் தோழிக்காக எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீர் அறிவீர். வருகிற திங்கட்கிழமை அவளுடைய அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. நான் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். புனித தேவசகாயமே, அவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.