உதட்டோடு நின்ற மண்

"மண்ணு உள்ள போகலையேம்மா. உதட்டோடயே நின்னுருச்சே. அவரு இங்கதான் சுத்திக்கிட்டு இருக்காரோ?"

கருமாதி முடிந்த மறுவாரம் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது, இறந்த பெரியவரின் மனைவி, அந்த அம்மா கேட்டது. "இல்லம்மா, போயிட்டாரு. நிம்மதியா போய்ச் சேந்துட்டாரு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் இருந்தது. குணமாக வழியில்லாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் வேலையில் இருக்கிறேன். அதற்கான பயிற்சியில் சொல்லித் தந்ததும் அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தது. 'உங்களுக்கு எப்படித் தோணுதும்மா?' என்று அவரிடமே கேட்க வேண்டும். ஆன்மா, மறுமை பற்றி நம் பக்கத்திலிருந்து ஆமென்றும் சொல்லக்கூடாது, இல்லையென்றும் சொல்லக்கூடாது. அது தெரிந்தேதான் வேறு பதில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று பல நாள் தோன்றுகிறது. எந்த உரிமையில் சொன்னேன் என்பதற்குத்தான் விடை இல்லை.

பெரியவருக்கு உணவுக்குழாயில் புற்று. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப். கஞ்சியும் பொடித்த மார்பின் மாத்திரையும் அதில்தான். கடைசியில் கண் திறக்கவில்லை. மூச்சு வேகமாக ஏறும், மெல்ல இறங்கும், நிற்கும், நின்றேவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். பாலியேட்டிவ் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் மூச்சு அது. 'உசுரு இழுத்துக்கிட்டு இருக்கு' என்பார்கள் ஊரில். இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஓர் ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பொன்னாசை என்றால் காசை உரசி ஊற்றுவார்கள். மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள்.

மகள் எவர்சில்வர் டம்ளரோடு வந்து நின்றார். குறுவை நட்டிருந்த அவர்கள் வயலில் அள்ளிய கறுப்புச் சேறு. வண்டல் அடியில் இறங்கியிருக்க, மேலே தண்ணீர் தேநீர் நிறத்தில் நின்றது. ஒரு பொடி நத்தைக்கூடு அதில் மிதந்தது. "மேடம், ஒரு சங்கு ஊத்திக்கட்டுமா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். விழுங்கும் சக்தி போனவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும். திணறித் திணறி அவர் போனால், அந்தக் காட்சியோடுதான் அந்த வீடு மிச்ச காலம் முழுக்க வாழ வேண்டியிருக்கும். "வாயில வேணாங்க" என்றேன். மகன் உடனே, "அப்ப டியூப்ல ஊத்தலாமா?" என்றார். அதற்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. வடிகட்டி ஐந்து மில்லி மட்டும் ஊற்றலாமா என்று ஒரு நிமிடம் உண்மையிலேயே யோசித்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளேயே முணுமுணுப்பு. குழாயில் போவது அவர் குடித்த மாதிரி ஆகுமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். கடைசியில் நான்தான் சொன்னேன்: "வேட்டித் துணியில நனைச்சு உதட்டுல தடவுங்க. ஒவ்வொருத்தரா தடவுங்க."

தடவினார்கள். வெடித்திருந்த கீழுதட்டின் கோடுகளில் சேறு இறங்கியது. பேரன் தடவியபோது பெரியவரின் நாக்கு நுனி லேசாக வெளியே வந்து உதட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. மகள் பார்த்தார், நானும் பார்த்தேன். அந்த அம்மா காலடியில் உட்கார்ந்திருந்தார், பார்த்திருக்க மாட்டார். விடிவதற்குள் மூச்சு அடங்கியது.

தடவச் சொன்னதில் எனக்குச் சஞ்சலம் இல்லை. யார் கேட்டாலும் இன்றும் அதையே சொல்வேன். விருதுநகர், மதுரைப் பக்கங்களில் தலைக்கூத்தல் என்ற ஒன்று இருந்தது. படுத்துவிட்ட முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர்மேல் இளநீராகக் கொடுத்து அனுப்பிவிடுவது. எங்கள் டெல்டாப் பகுதியின் பழக்கம் அல்ல அது. ஆனாலும் சாகக் கிடப்பவர் வாயில் எதையாவது ஊற்றுகிறேன் என்று ஒரு குடும்பம் சொல்லும்போது, உயிரை விடுவிக்கிறார்களா, விரட்டுகிறார்களா என்ற கேள்வி எனக்குள் வராமல் இருந்ததில்லை. பல வீடுகளில் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு அவர்களுக்கே தெரியாது. மாதக்கணக்கில் தூங்காமல் பார்த்தவர்கள். 'போதும், போகட்டும்' என்று நினைப்பதைக் குற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. மண்ணைக் கரைத்து ஊற்றும் சடங்கு அந்த நினைப்புக்கு ஒரு மரியாதையான வடிவம் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதில் பாதியைத்தான் நான் அனுமதித்தேன்.

பெரியவர் நினைவோடு இருந்தபோது பேசியது என்னை அதைவிட அதிகம் உறுத்துகிறது. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அவர் பதிலுக்கு, கம்மிப்போன குரலில், "தண்ணி வந்துருச்சா?" என்பார். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அது கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து வந்து சொல்வது என் வேலையில் ஒன்றாகிவிட்டது. "நெலத்தை விட மாட்டேங்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுதாம்மா என்னைய விட மாட்டேங்குது" என்றார் ஒருநாள். சலிப்பாகச் சொல்லவில்லை. மடையில் தண்ணீர் விழும் சத்தத்தை நினைத்துக்கொண்டால் இரவில் வலி தெரிவதில்லை என்றும் சொன்னார்.

சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, சாகப் போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கினார். சாகப் போகிறவரின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் பின்னிக் கிடக்கின்றன என்பதை எங்கள் துறைக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதனால்தான் எங்கள் படிவத்தில் ஆன்மிகத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் நம்பிக்கை என்ன, வாழ்க்கைக்கு அர்த்தம் தருவது எது, யார் துணை என்றெல்லாம் கேட்கும். அவருக்கு நான் 'சைவம், குலதெய்வ வழிபாடு, பிரதோஷ விரதம்' என்று எழுதி வைத்திருந்தேன். எல்லாம் உண்மை. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஆசைதான் ஆன்மாவைக் கட்டும் கயிறு, அது அறுந்தால்தான் விடுதலை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். மண் கரைக்கும் சடங்கும் அந்த நினைப்பில் வந்ததுதான். ஆனால் சைவ சித்தாந்தம் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை. ஆன்மாவை மூடியிருக்கும் இருள் ஆணவம். உடல், கருவிகள், உலகம், அனுபவம் என்று தனு கரண புவன போகங்களைத் தருவது மாயை. ஆணவம், மாயை, கன்மம் என்கிற வினை மூன்றும் மலம்தான், அதாவது உயிரைப் பிடித்த அழுக்குதான். என்றாலும் மாயையை விடியும்வரை எரியும் விளக்கு என்கிறார்கள். அதாவது உலகம் உயிருக்குத் தளை மட்டும் அல்ல, வெளிச்சமும்கூட. இதைப் படித்தது வெகுகாலம் முன்பு. அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகுதான் புரிந்த மாதிரி இருந்தது. அந்த வயல்தான் அவரைப் போகவிடாமல் பிடித்திருந்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தவரையில் அவரைத் தாங்கியதும் அதேதான். அப்படியானால் எதை அறுக்க அந்த மண்?

மண் உள்ளே போகவில்லையென்றால் என்ன, அவர் கட்டுப்பட்டிருந்தால்தானே அறுக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் தத்துவம் பேசுவது எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

நாக்கு நுனி பட்டதையாவது சொல்லியிருக்கலாம். அது நடந்தது, கண்ணால் பார்த்தது. உதட்டில் ஈரம் பட்டால் மயக்கத்திலும் நாக்கு அசையும், அது வெறும் அனிச்சைச் செயல் என்று எனக்குத் தெரியும். அதைச் சம்மதம் மாதிரி எடுத்துச் சொல்வது ஏமாற்றுவதாகும் என்று பட்டது. அதே நான், கண்ணால் காணாத ஓர் உயிரின் போக்கைப் பற்றி 'போய்ச் சேந்துட்டாரு' என்று அடித்துச் சொன்னேன். பார்த்ததைச் சொல்லக் கூசினேன், பார்க்காததைச் சொல்லக் கூசவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வழி அடைபட்டுப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்த அம்மா சொன்னது: விடியற்காலையில் கொல்லைப்பக்கம் பெரியவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கிறதாம். நோய்க் குரலின் செருமல் இல்லை. "நல்லா இருந்தப்ப வயலுக்குக் கெளம்பையில செருமுவாரே, அந்தச் செருமல்" என்றார். 1971-இல் வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள்; குரல் கேட்டவர்களும் அதில் உண்டு. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. படித்தது எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் 'சுத்திக்கிட்டு இருக்காரோ' என்ற கேள்வியில் நான் பயத்தை மட்டும்தான் கேட்டேன். அவர் ஆசையாகக் கேட்டிருந்தால்?

இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல மெல்ல விடுவித்துக்கொள்வதுதான் துக்கம் செய்யும் வேலை என்று 1917-இல் ஃபிராய்ட் எழுதினார். எங்கள் துறையில் நெடுங்காலம் அதையே பிடித்துக்கொண்டிருந்தோம். 1990-களில்தான், ஜப்பானியர் வீட்டில் முன்னோருக்கு மாடம் வைத்துக் கும்பிடுவதையெல்லாம் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. மண்ணைக் கரைத்துப் போ என்கிறோம். வருஷா வருஷம் திதி கொடுத்து, அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் இறைத்து வா என்கிறோம். அந்த அம்மாவின் ஒரே கேள்வியில் இரண்டும் இருந்திருக்கும். நான் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னேன். "சரிம்மா" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நிம்மதியானாரா, அடங்கிப்போனாரா என்று முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியில் சிஸ்டர், "நல்லாச் சொன்னீங்க, பாவம் நிம்மதியா தூங்குவாங்க" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. அந்த வயதில், அந்த வீட்டில், கேள்வியைக் கேள்வியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது கைவிடுவது மாதிரி ஆகியிருக்கும். இப்போதும் அந்த வாதம் பலமானதாகத்தான் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நோயாளி விழுங்கவும் பேசவும் முடிகிற காலத்திலேயே, 'கடைசி நேரத்துல உங்க வீட்ல என்ன செய்யுறது வழக்கம், உங்களுக்கு என்ன வேணும்' என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன். சிஸ்டருக்கு இதில் உடன்பாடில்லை. சாவை நாமே கூட்டிக்கொண்டு போய் நடுவீட்டில் உட்கார வைக்கிறோம் என்கிறார். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே, எந்தக் குளத்துத் தண்ணீர், யார் கையால் என்று எல்லாம் சொன்னார். போன மாதம் வேறொரு வீட்டில் கேட்டபோது, நோயாளி வாய் திறக்கும் முன்பே மகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நோயாளி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவன் வரட்டும்" என்றார். மகன் வரவில்லை. வரும் வியாழக்கிழமை அங்கே மறுபடி போக வேண்டும்.