உச்சிக்குப் போகாத நாள்

காலை ஆறரை மணி. இயற்கைப் பூங்காவின் நுழைவாயிலில் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு நின்றபோது, உடன் வந்தவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். "நடக்கச் சொல்லி மருத்துவர் உத்தரவு" என்றார் ஒரு பெரியவர். உச்சியிலிருந்து சூரிய வெளிச்சத்தில் பள்ளத்தாக்கைப் படமெடுக்க வேண்டும் என்றார் ஒரு கல்லூரி மாணவர். ஓர் அப்பாவும் மகளும் மட்டும் "சும்மாதான்" என்றார்கள்.

முதல் ஒரு மணி நேரம் செங்குத்தான ஏற்றம். மூச்சிரைப்பைத் தவிர வேறு சத்தமில்லை. பாதை சமதளமானதும் எனக்கு முன்னால் போன மகள் மெல்லப் பேசத் தொடங்கினாள். வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறாள் என்று புரிந்ததும் நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பதில் சொல்லத் தாமதமானாலும் உறுத்தாது; கால் வைக்கும் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைப் பேசத்தான் பலர் காட்டுக்கு வருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன், வரும்போது அது அவர்களுக்கே தெரியாவிட்டாலும்.

ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதன் இன்னொரு பக்கத்தை விளக்கியிருக்கிறார்கள். வேலையும் போக்குவரத்தும் திரைகளும் நம் கவனத்தை வலிந்து பிடித்து வைக்கின்றன. அதனால் மனம் களைத்துப்போகிறது. அசையும் இலையும் ஓடும் நீரும் கவனத்தைக் கேட்காமலே ஈர்க்கின்றன. களைத்த மனம் அதற்குள் ஓய்வெடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வும், வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைவெளியில் கழிப்பவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகக் கூறுவது அதிகம் என்கிறது. பெரியவரின் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பு எனக்கு உச்சிதான் எல்லாம். எத்தனை சிகரம் என்று எண்ணி வைத்திருந்தேன். இப்போது பாதி வழியில் இருக்கும் ஓடையோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்று அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன்கொத்தி ஐந்து முறை பாய்ந்து ஒரே ஒரு மீன் பிடித்தது. சிகரங்களை எண்ணிய ஆண்டுகளில் இப்படி ஒரு பறவையை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை.

மாலையில் மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். உச்சியில் ஒரே மூடுபனியாம்; மாணவரால் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அடுத்த நடை எப்போது என்று முதலில் கேட்டவர் அவர்தான்.