அகோகோவின் துவரை

2023 நவம்பர் 11, சனி

நேற்று முன்தினம் இந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை ஒரேயடியாக இறக்கிவிட்டார்கள். டாலருக்கு 1,180 என்று இருந்தது 1,700 ஆகிவிட்டது. இன்று சந்தையில் எண்ணெய், சோப்பு, சர்க்கரை எதைத் தொட்டாலும் புது விலை. மக்காச்சோளம் விற்கும் பெண் மூட்டையைப் பிரிக்கவே யோசித்தார்.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கில், முலாஞ்ஜே மலையடிவாரத்துக்கு நாங்கள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இவர் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறார். சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாட்களில் நான் கூடமாட இருக்கிறேன். பாப்பா இங்கேயே மூன்றாம் வகுப்பு. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, செலவுக்கு ஒரு தொகை வருகிறது. சின்னத் தொகைதான். ஆனால் மாதம் பிறந்தால் வந்துவிடும். பக்கத்து வீட்டு அகோகோவுக்கு அப்படி எதுவும் இல்லை.

அகோகோ என்றால் பாட்டி. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, நாங்களும். போன மார்ச்சில் ஃப்ரெடி புயல் அவர் வீட்டின் ஒரு சுவரைக் கொண்டுபோய்விட்டது. வெயிலில் காயவைத்த மண்கல்லை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். அந்தச் சுவர் மட்டும் வேறு நிறம்.

டிசம்பர் 3, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. விடிவதற்குள் ஈசல் கிளம்பிவிட்டது! இங்கே அதற்கு ங்கும்பி என்று பெயர். சூரிய விளக்கின் கீழே தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டு அகோகோவின் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாவும் போய் ஒட்டிக்கொண்டாள். எண்ணெயே விடாமல் சட்டியில் போட்டு வறுத்தார் அகோகோ. அதன் கொழுப்பிலேயே அது வறுபட, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஆச்சி அரிசிப் பொரியோடு கலந்து தருவாள். அதே வாசனை. வாயில் போட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

காலையில் விதைப்பு. மண்வெட்டியால் ஏற்றிய பாரில் குதிகாலால் குழி பறித்து மக்காச்சோளம் போட்டார்கள். நடுநடுவே அகோகோ இன்னொரு விதையை ஊன்றிக்கொண்டே வந்தார். "நந்தோலோ" என்று என் உள்ளங்கையில் நாலைந்து வைத்தார். பார்த்தால் துவரை! எங்கள் கரிசலில் சோளத்துக்கு இடையே போடுவோமே, அதே துவரை, அதே முறை. இந்தியா ஆண்டுக்கு 50,000 டன் துவரையை மலாவியிலிருந்து வாங்கிக்கொள்ள 2021இல் உடன்பாடு செய்திருக்கிறது என்று இவர் சொன்னார். அம்மா வைத்த சாம்பாரில் இந்த மண் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

மாலையில் எங்கள் டப்பாவிலிருந்த துவரம்பருப்பைக் காட்டினேன். விரலால் அளைந்து பார்த்துவிட்டு, "தோல் எங்கே?" என்று கேட்டார். நீக்கிவிடுவோம் என்றேன். "அமாயி, வயிறு நிறைவது தோலால்தானே?" என்றார்.

2024 ஜனவரி 17, புதன்

இன்று எடை பார்க்கும் நாள். மாமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, குழந்தையைத் துணிக் காற்சட்டைக்குள் போட்டு மாட்டுவோம், தூளி மாதிரி. அப்புறம் ஊட்டம் எப்படி என்று பார்க்க மேல்கையைச் சுற்றி வண்ண நாடா. 12.5 செ.மீ.க்கு மேல் பச்சை, 11.5க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். போன மாதத்தைவிட மஞ்சள் கூடியிருக்கிறது. சிவப்பு மூன்று. அவர்களுக்குச் சிபோண்டே பொட்டலம் கொடுத்தோம், நிலக்கடலையில் செய்த சத்து விழுது. ஒரு குழந்தை பொட்டலத்தின் ஓரத்தைக்கூட விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

அகோகோவின் கடைசிப் பேரன் 12.2. அவன் கையில் நாடாவைச் சுற்றியபோது என் விரல் இரண்டு முறை தளர்ந்தது. எப்படியாவது இழுத்துப் பச்சையில் நிறுத்திவிட மாட்டோமா என்று இருந்தது.

அவன் அம்மா தினமும் கன்யூவுக்குப் போகிறாள். அடுத்தவர் காட்டில் களையெடுத்தால் அன்றைய மாவு கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் காட்டில் களை ஏறுகிறது. அடுத்த வருடப் பசி இப்படித்தான் இந்த வருடமே முளைக்கிறது. இவர்கள் பசிக்குக் காரணம் சோம்பல் என்று எழுதுகிறவர்கள் ஒரு ஜனவரியாவது இங்கே இருந்து பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். தாளித்த வாசனை வேலியைத் தாண்டும் என்பது தாளித்த பிறகுதான் உறைத்தது. ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் மூன்று மாங்காய். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அகோகோவுக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

மழை இல்லை. கதிர் வரும் நேரத்தில் மக்காச்சோள இலை சுருட்டுப்போல் சுருண்டுவிட்டது. துவரை முழங்காலுக்கு நிற்கிறது, பச்சையாக.

மார்ச் 24, ஞாயிறு

28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலை என்று அதிபர் சக்வேரா நேற்று அறிவித்திருக்கிறார். எல் நினோ வறட்சி. அகோகோவின் காட்டில் விளைந்தது மொத்தம் மூன்று கூடை, கதிரில் பாதி பல் இல்லை.

பாப்பாவின் தோழி ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. "அவளுக்குக் காய்ச்சலா அம்மா?" என்று கேட்டாள். பசி என்று சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று இவருக்கும் எனக்கும் ராத்திரி வாக்குவாதம். பொய் சொல்லி வளர்ப்பதற்கு இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். காலையில் அவளே தன் பங்கு கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அகோகோ சும்மா எதையும் வாங்கமாட்டார். அதனால் நான் வேலையைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். அடுப்படிச் சுவர் பூச, வேலி கட்ட, எனக்கு இங்கத்து மொழியான சிச்சேவா சொல்லித்தர. கூலி மக்காச்சோளம். சுவர் நன்றாகத்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். கீழே பார்த்துக்கொண்டே பூசினார்.

ஜூலை 14, ஞாயிறு

நாலு நாளாகச் சிபெரோனி. மொசாம்பிக் பக்கத்து மலையிலிருந்து வரும் குளிரும் தூறலும். முலாஞ்ஜே மலையே கண்ணில் படவில்லை. இன்றைக்குத்தான் கொஞ்சம் வெயில்.

துவரை அறுவடை முடிந்தது. மக்காச்சோளம் கருகிய அதே பாரில் ஆள் உயரம் நின்று காய்த்திருக்கிறது. வேர் ஆழம் போகும் செடி. கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து முற்றத்தில் காயவைத்து, தடியால் அடித்து, முறத்தில் புடைத்தோம். மதியத்துக்குள் என் கை இரண்டும் கன்றிவிட்டன. பேரனின் கை போன வாரம் 12.8.

சாயங்காலம் அகோகோ வந்தார். சித்தெஞ்சே துணி முடிச்சு நிறைய நந்தோலோ. விற்றால் காசாகும், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாப்பா மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டு, "ஸிகோமோ, அகோகோ" என்றாள். இங்கத்துப் பிள்ளைகள் செய்வது போலவே.

இப்போது அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது, தோலோடு. இரண்டு பிடி மட்டும் தனியே எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். டிசம்பரில் எங்கள் கொல்லையில் ஊன்ற.